சொந்தப் பணத்தில் தேர்தலில் நிற்கும் பணக்காரர்கள்: நான்கு வகை விதிகளில் எது தேவலை?

அமெரிக்கத் தொழிலதிபர் ராஸ் பெரோ 1992 அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்றார். சொந்தப் பணம் 6 கோடி டாலருக்கு மேல் இறக்கினார், டிவியில் அரை மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி, வரைபட அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு பட்ஜெட் பற்றாக்குறையைப் பற்றி மக்களுக்குப் பாடம் நடத்தினார், 18.9 சதவீத வாக்கு வாங்கினார். 1996ல் அதே ஆள் அரசு தரும் தேர்தல் நிதியை, சுமார் 2.9 கோடி டாலர், வாங்கிக்கொண்டு நின்றார். அதை வாங்கினால் கைக்காசு 50,000 டாலருக்கு மேல் போடக் கூடாது என்பது விதி. கிடைத்த வாக்கு 8.4 சதவீதம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் பணம் செய்த வேலை என்று சொல்லிவிட முடியாது, 1992ல் டிவி விவாதங்களில் அவர் இருந்தார், 1996ல் விவாதத்துக்கு அழைக்கவே இல்லை. ஆனால் 1996ல் அவருக்கு அரசு நிதி கிடைத்ததே 1992ல் வாங்கிய வாக்கை வைத்துத்தான், அந்த வாக்குக்கு முதல் போட்டது அவருடைய சொந்தச் சொத்து. அதே கருத்துகளோடு காசில்லாத ஒருவர் 1992ல் வந்திருந்தால் நாட்டில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது. சொந்தப் பணப் பிரச்சாரம் பற்றிய என் கவலை முழுக்க அந்தக் காசில்லாத ஆளைப் பற்றியது.

பணக்கார வேட்பாளர் தன் பிரச்சாரத்துக்குத் தானே செலவு செய்வதை ஒரு நாடு எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டால், நடைமுறையில் இருக்கும் பதில்கள் ஏறக்குறைய நான்கு. எவ்வளவு வேண்டுமானாலும் போடட்டும் என்று விட்டுவிடுகிறது அமெரிக்கா. சொந்தப் பணத்துக்கே சின்னதாக ஒரு வரம்பு போடுகிறது கனடா. யார் பணமாக இருந்தாலும் சரி, மொத்தச் செலவு இவ்வளவுதான் என்கின்றன பிரிட்டன், பிரான்ஸ், இந்தியா. பணக்காரரைத் தொடாமல், எதிரில் நிற்பவருக்குப் பொதுப் பணத்தால் தோள் கொடுக்கிற வழியை நியூயார்க், சியாட்டில் போன்ற நகரங்கள் எடுத்திருக்கின்றன. என் ஓட்டு மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்த ஒரு கலவைக்கு. ஆனால் எந்த வழியை எடுத்தாலும் கடன் என்ற ஓர் ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வரம்பே வேண்டாம் என்பவர்களின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க காங்கிரஸ் 1974ல் அதிபர் வேட்பாளருக்கு 50,000 டாலர், செனட்டுக்கு 35,000, கீழவைக்கு 25,000 என்று சொந்தப் பணத்துக்கு வரம்பு போட்டது. 1976ல் பக்லி எதிர் வலேயோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்தவர் கொடுக்கும் நன்கொடைக்கு வரம்பு போடலாம், ஏனென்றால் கொடுத்தவர் பதிலுக்கு எதையாவது எதிர்பார்க்கலாம், ஆனால் ஒருவர் தனக்குத் தானே லஞ்சம் கொடுத்துக்கொள்ள முடியாதே என்பதுதான் சாரம். சொந்தப் பணம் போட்டால் வெளியாள் காசை நம்பியிருக்கும் நிலை குறையும் என்றுகூட நீதிமன்றம் சொன்னது. இதில் உண்மை இருக்கிறது. 2013ல் வெளியே கசிந்த ஜனநாயகக் கட்சியின் மாதிரி நாள் அட்டவணை ஒன்று, புதிதாக ஜெயித்து வந்த கீழவை உறுப்பினர்கள் தினமும் நான்கு மணி நேரம் நன்கொடை கேட்டு போன் செய்ய வேண்டும் என்று ஒதுக்கியிருந்தது. சட்டம் படிக்கவும் தொகுதிக்காரர்களைப் பார்க்கவும் வேண்டிய நேரத்தில் பணக்காரர்களை போனில் பிடித்துக் கெஞ்சுகிற வேலை. பையில் பணம் இருக்கிறவருக்கு இந்தக் கேவலம் கிடையாது.

சரி, அப்படியென்றால் பணம் போட்டவர்கள் எல்லாம் ஜெயித்துவிடுகிறார்களா? பெரும்பாலும் இல்லை. மெக் விட்மன் 2010ல் கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குச் சொந்தப் பணம் 14.4 கோடி டாலர் போட்டார், ஜெர்ரி பிரவுனிடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். லிண்டா மெக்மஹன் கனெக்டிகட்டில் 2010, 2012 இரண்டு செனட் தேர்தல்களிலும் தலா 5 கோடி டாலர் அளவுக்குச் செலவழித்து இரண்டிலும் தோற்றார். மைக்கேல் புளூம்பெர்க் 2020 அதிபர் வேட்பாளர் போட்டியில் சில மாதங்களில் 100 கோடி டாலருக்கு மேல் கொட்டினார், முதலிடம் வந்தது அமெரிக்க சமோவா என்ற குட்டித் தீவில் மட்டும். டேவிட் ட்ரோன் 2024ல் மேரிலாந்து செனட் உட்கட்சித் தேர்தலில் 6 கோடிக்கு மேல் போட்டும் ஏஞ்சலா ஆல்சோபுரூக்ஸிடம் தோற்றார். ஆஸ்திரேலியாவில் கிளைவ் பாமரின் நிறுவனம் 2019ல் அவர் கட்சிக்கு 8 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கொடுத்தது, ஒரு சீட்கூடக் கிடைக்கவில்லை.

இதற்குக் காரணம் யோசித்தால் புரியும். நன்கொடை திரட்டுவது என்பது பணம் திரட்டுவது மட்டும் இல்லை. இருபது டாலர் கொடுத்தவர் அந்த வேட்பாளருக்காக வீடு வீடாகப் போவார், சொந்தக்காரர்களிடம் பேசுவார், வாக்குப்பதிவு நாளில் நாலு பேரை இழுத்துக்கொண்டு வருவார். ஆயிரம் பேரிடம் கையேந்தியவருக்கு ஆயிரம் தொண்டர்கள் கிடைக்கிறார்கள், தனக்குத் தானே செக் எழுதிக்கொண்டவருக்கு விளம்பர நேரம் கிடைக்கிறது. அந்த விளம்பரமும் ஓர் அளவுக்கு மேல் போனால் வேலை செய்வதில்லை. புளூம்பெர்க்கே 2009ல் நியூயார்க் மேயர் தேர்தலில் 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார், எதிரில் நின்ற பில் தாம்சன் செலவழித்தது ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்கு, வித்தியாசம் ஐந்து சதவீதப் புள்ளிக்கும் குறைவு.

இதைக் காட்டித்தான் பலர், பணக்காரர்கள் தங்கள் காசைத் தாங்களே கரைத்துக்கொள்கிறார்கள், நமக்கென்ன நஷ்டம், விதி எதற்கு என்று கேட்கிறார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு அவர்களோடு ஒத்துப்போகவில்லை. தோற்றவர்களின் கணக்கை மட்டும் பார்க்கிறார்கள், நிற்காமலே போனவர்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. ஒரு கோடீஸ்வரர் நிற்கப் போகிறார் என்று செய்தி வந்தவுடன் அதே கட்சியில் பல வருஷம் உழைத்த ஆசிரியரோ தொழிற்சங்கக்காரரோ மனு போடாமலே ஒதுங்கிவிடுவார். கட்சித் தலைமையும் செலவு மிச்சம் என்று பசையுள்ள ஆளைத் தேடிப் போகும், ஒரு தொகுதிக்கு ஆகும் காசை வேட்பாளரே பார்த்துக்கொண்டால் அந்தப் பணத்தை இன்னொரு தொகுதிக்குத் திருப்பலாமே. பொதுத் தேர்தலில் அவர் தோற்றாலும் உட்கட்சிப் போட்டியில் ஒரு நல்ல ஆளை ஓரங்கட்டிவிட்டுத்தான் தோற்றிருப்பார். ஜெயித்த பட்டியலும் சின்னது இல்லை: ஜான் கோர்சைன் 2000ல் 6 கோடிக்கு மேல் போட்டு நியூஜெர்சி செனட்டர் ஆனார், ஜே.பி. பிரிட்ஸ்கர் 2018ல் 17.1 கோடி போட்டு இல்லினாய் ஆளுநர் ஆனார். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஆளுநர் புரூஸ் ரவுனரும் பெரும் பணக்காரர், அவரும் சொந்தப் பணத்தில்தான் மோதினார். அந்த மாநிலத்தின் சாதாரண ஆட்கள் அந்தத் தேர்தலில் பார்வையாளர்கள்.

பிரிட்டன் இந்த அனுபவத்தை நூறு வருஷத்துக்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டது. அங்கே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளமே 1911ல்தான் வந்தது, தேர்தலை நடத்தும் அதிகாரியின் செலவைக்கூட 1918 வரை வேட்பாளர்களே கட்ட வேண்டியிருந்தது. சொந்தச் சொத்து இல்லாதவனுக்கு நாடாளுமன்றம் எட்டாத இடம். 1883ல் ஊழல் தடுப்புத் தேர்தல் சட்டம் கொண்டுவந்து வேட்பாளர் செலவுக்கு வரம்பு போட்டார்கள், அதற்குப் பிறகு தொகுதிச் செலவு கட்டுக்குள் வந்தது, இன்றுவரை அங்கே தொகுதி வேட்பாளர் செலவழிக்கக்கூடிய தொகை அமெரிக்கக் கணக்கில் பார்த்தால் சில்லறை.

யாருக்கும் கடன்படாதவர் என்ற பெருமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பணக்காரர் மற்றவர் காசுக்குத் தலையாட்ட மாட்டார் என்பது சரி, ஆனால் அவருக்கென்று தொழில் இருக்கிறது, பங்குகள் இருக்கின்றன, அவர் எழுதப்போகும் வரிச் சட்டம் அவர் வீட்டுக் கதவையும் தட்டும். வெளியாளிடம் நன்கொடை வாங்கினால் யார் எவ்வளவு கொடுத்தார் என்று பட்டியல் போடலாம். இவர் விஷயத்தில் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே ஆள், சொத்து விவரத்தை முழுதாக வெளியிட வைக்காவிட்டால் எதுவும் தெரியாது.

இப்போது கடனுக்கு வருகிறேன். நம்மில் பலர் நினைப்பது போல வேட்பாளர் தன் பிரச்சாரத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. அமெரிக்காவில் நிறையப் பேர் கடனாகத்தான் போடுகிறார்கள். பிரச்சாரக் குழு என்பது தனி அமைப்பு, வேட்பாளர் அதற்குக் கடன் கொடுத்தவர், பின்னால் நன்கொடை வரும்போது அதிலிருந்து தன் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். தோற்றுப்போனவருக்கு யார் நன்கொடை கொடுப்பார்கள்? அந்தப் பணம் போனது போனதுதான். ஜெயித்தவருக்கு மட்டும் தேர்தல் முடிந்த பிறகும் நன்கொடை வரும், அப்போது அவர் கையில் பதவி இருக்கிறது, கொடுக்கிறவருக்குத் தேவை இருக்கிறது, கொடுக்கிற பணம் சுவரொட்டிக்கோ விளம்பரத்துக்கோ போகாமல் நேராக அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. வெளிப்படையான லஞ்சத்துக்கு இதைவிட நெருக்கமான சட்டபூர்வமான வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அமெரிக்காவின் 2002 தேர்தல் நிதிச் சட்டத்தில் இதற்கு ஒரு தடுப்பு இருந்தது: தேர்தலுக்குப் பிறகு வரும் நன்கொடையிலிருந்து 2.5 லட்சம் டாலருக்கு மேல் கடனைத் திருப்பக் கூடாது. டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ் 2018 செனட் தேர்தலில் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் தன் பிரச்சாரத்துக்கு 2.6 லட்சம் டாலர் கடன் கொடுத்தார், வரம்பைவிடச் சரியாகப் பத்தாயிரம் அதிகம், அந்தப் பத்தாயிரத்தை வைத்து வழக்குப் போட்டார். 2022ல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அந்தத் தடுப்பையே எடுத்துவிட்டது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி எலீனா கேகன், இந்த நன்கொடை நேராக அரசியல்வாதியின் சட்டைப் பைக்குப் போகிறது என்ற ஆபத்தைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். வட்டிக் கதை இன்னும் மோசம். கீழவை உறுப்பினர் ஒருவர் 1998ல் தன் பிரச்சாரத்துக்கு 1.5 லட்சம் டாலரை 18 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுத்து, பத்து வருஷத்துக்கு மேல் நன்கொடைப் பணத்திலிருந்து வட்டி வாங்கிக்கொண்டே இருந்தார், வட்டி மட்டுமே அசலைத் தாண்டியது. அதற்கு விதியில் தடையும் இல்லை.

அதனால் என் முதல் கோரிக்கை எளிமையானது. வேட்பாளர் தன் பணத்தைப் போட விரும்பினால் கொடையாகப் போடட்டும், திரும்பி வராது என்று தெரிந்து போடட்டும். திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால் வாக்குப்பதிவு நாளுக்கு முன் வந்த நன்கொடையிலிருந்து மட்டும், வட்டி இல்லாமல். எவ்வளவு நம்பிக்கையோடு இறங்குகிறார் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

கனடா வழி சுருக்கமானது. வேட்பாளர் தன் பிரச்சாரத்துக்குத் தன் கையிலிருந்து 5,000 கனடிய டாலர் போடலாம், கட்சித் தலைமைப் போட்டி என்றால் 25,000. நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள் எதுவும் கொடுக்கக் கூடாது, தனிநபர் நன்கொடைக்கும் சிறிய ஆண்டு வரம்பு. 2017ல் கன்சர்வேடிவ் கட்சித் தலைமைப் போட்டியிலிருந்து பாதியில் விலகிய கோடீஸ்வரர் கெவின் ஓலியரி, மிஞ்சிய பிரச்சாரக் கடனைத் தன் காசில் அடைக்க வரம்பு இடம் கொடுக்காமல், இந்த விதிகளை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார். கடன்காரர்களுக்குப் பணம் போய்ச் சேரவில்லையே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேலை செய்கிற விதி என்றால் பணக்காரரையும் இப்படித்தான் பிடிக்கும். ஒரு குறை மட்டும்: இது தனியாக நின்றால் போதாது. சொந்தப் பணத்தை மட்டும் அடைத்துவிட்டுப் பெரிய நன்கொடைகளைத் திறந்து வைத்தால் பணக்காரர் தானே நிற்காமல் தனக்கு வேண்டியவரை நிறுத்துவார். கனடாவில் எல்லாக் கதவையும் ஒன்றாக அடைத்ததால்தான் அது செல்லுகிறது, 10 சதவீத வாக்கு வாங்கிய வேட்பாளருக்குச் செலவில் 60 சதவீதத்தை அரசே திருப்பித் தருவதும் அதன் ஒரு பகுதி.

மொத்தச் செலவுக்கு வரம்பு என்பது எனக்கு அதைவிட நேர்மையாகப் படுகிறது, பணம் எங்கிருந்து வந்தது என்ற சண்டையே வேண்டாம், இவ்வளவுக்கு மேல் யாரும் செலவழிக்கக் கூடாது, அவ்வளவுதான். பிரான்சில் அதிபர் தேர்தலின் முதல் சுற்றுக்கு ஏறக்குறைய 1.69 கோடி யூரோ, இரண்டாம் சுற்றுக்கும் போனால் மொத்தம் 2.25 கோடி. முதல் சுற்றில் 5 சதவீதம் வாக்கு வாங்கினால் வேட்பாளர் தன் பணமாகப் போட்டதில் வரம்பின் 47.5 சதவீதம் வரை அரசு திருப்பிக் கொடுக்கும். இதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. 2022ல் வலேரி பெக்ரேஸ் 4.78 சதவீதத்தில் நின்றுவிட்டார், ஐந்தைத் தொடாததால் பெரிய தொகை கைவிட்டுப் போய், தன் பெயரில் மட்டும் 50 லட்சம் யூரோ கடன் இருக்கிறது, உதவுங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டார். ஒரு சதவீதத்தின் கால் பங்குக்காக ஒருவரைக் கடனாளி ஆக்குகிற விதியை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன், வாக்கு ஏற ஏறத் தொகையும் படிப்படியாக ஏறுகிற மாதிரி வைத்திருக்கலாம். ஆனால் வரம்பை மீறினால் பல் இருக்கிறது: நிக்கோலா சர்கோசியின் 2012 கணக்கு வரம்பு மீறியதாக நிராகரிக்கப்பட்டு ஒரு கோடி யூரோவுக்கு மேல் திருப்பித்தொகை போனது, உண்மையான செலவு வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பின்னால் தெரியவந்து 2021ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. முன்னாள் அதிபரையே பிடித்தது.

பல்லே இல்லாமல் வரம்பு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியச் சட்டமே உதாரணம். பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய், சட்டமன்றத்துக்கு 40 லட்சம், 2022ல் வைத்த வரம்பு. ஆனால் கட்சி செய்கிற பொதுப் பிரச்சாரச் செலவுக்கு வரம்பே இல்லை. கட்சி ஒரு வேட்பாளருக்காகச் செய்த செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974ல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கினார்கள். முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதை. வேட்பாளர் தாக்கல் செய்கிற செலவுக் கணக்கு அழகாக வரம்புக்குள் இருக்கும், பணக்கார வேட்பாளருக்குச் சீட் கிடைப்பதும் தொடரும்.

நான்காவது வழியில் ஒரு பெரிய தோல்வியும் சில நல்ல முயற்சிகளும் இருக்கின்றன. அதே 2002 அமெரிக்கச் சட்டத்தில் கோடீஸ்வரர் திருத்தம் என்று ஒன்று வந்தது: கீழவைத் தேர்தலில் ஒருவர் சொந்தப் பணத்தில் 3.5 லட்சம் டாலர் அளவைத் தாண்டினால் எதிராளி மூன்று மடங்கு பெரிய நன்கொடை வாங்கலாம். 2008ல் உச்ச நீதிமன்றம் இதை 5க்கு 4ல் தள்ளியது. அரிசோனாவில் எதிராளி அதிகம் செலவழித்தால் அரசு நிதியில் நிற்பவருக்குக் கூடுதல் பணம் என்ற ஏற்பாட்டையும் 2011ல் தள்ளியது. ஒருவர் செலவழிப்பதற்குத் தண்டனையாக எதிராளிக்கு உதவக் கூடாது என்பது அவர்கள் வாதம், எனக்கு இது புரியவே இல்லை, பேசியவரின் வாயை யாரும் மூடவில்லை, பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு மைக் கொடுத்தார்கள். இல்லினாயில் வேறு மாதிரி: ஒருவர் சொந்தப் பணத்தில் ஓர் அளவைத் தாண்டினால் அந்தத் தேர்தலில் எல்லாருக்குமே நன்கொடை வரம்பு போய்விடும். கேட்க நியாயமாக இருக்கிறது. நடந்தது என்னவென்றால், சிலர் வேண்டுமென்றே அந்த அளவுக்கு ஒரு டாலர் மேலே போட்டு வரம்பை உடைத்துவிட்டு, தாங்களே பெரிய நன்கொடைகளை அள்ளினார்கள்.

யாரோ ஒருவர் செலவழிப்பதைப் பார்த்துத் தூண்டப்படாமல், எப்போதும் சிறு நன்கொடையைப் பெருக்கித் தருகிற ஏற்பாடுகள்தான் நிலைத்து நிற்கின்றன. நியூயார்க் நகரத்தில் இது 1988லிருந்து இருக்கிறது, 2018ல் வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்து ஒன்றுக்கு எட்டு என்று ஆக்கினார்கள்: நகரவாசி ஒருவர் பத்து டாலர் கொடுத்தால் நகரம் எண்பது சேர்க்கும், பதிலுக்கு வேட்பாளர் செலவு வரம்பை ஏற்க வேண்டும். சியாட்டில் 2015ல் வாக்கெடுப்பு நடத்தி, தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் 25 டாலர் சீட்டு நான்கு என்று அனுப்புகிறது, பிடித்த வேட்பாளருக்குக் கொடுக்கலாம். இதனால் கோடீஸ்வரரின் பணம் குறையாது, புளூம்பெர்க் இந்த ஏற்பாட்டுக்குள் வராமலே மூன்று முறை மேயர் ஆனார். ஆனால் மற்றவருக்கு நிற்க இடம் கிடைக்கிறது, அதுவும் மக்களிடம் போய்ப் பத்து டாலர் கேட்டால்தான் கிடைக்கிறது, தொண்டர் கூட்டமும் கூடவே உருவாகிறது.

ஆகவே எந்தச் சட்டம் எழுதலாம் என்று என்னைக் கேட்டால், கடனை முதலில் மூடுவேன், அதற்குப் பணமே தேவையில்லை. அடுத்து, நியூயார்க் போல சிறு நன்கொடையோடு எட்டு மடங்கு பொதுப் பணம் சேர்ப்பது. அரசியல் சட்டம் இடம் கொடுக்கிற நாடாக இருந்தால் மொத்தச் செலவுக்கு வரம்பு, கட்சி செலவும் வெளி அமைப்புகள் செலவும் அதே கணக்கில். சொந்தப் பணத்துக்கு மட்டும் தனி வரம்பு என்பதை நான் கடைசியில் வைப்பேன், மற்ற மூன்றும் ஒழுங்காக இருந்தால் அதன் தேவை பாதி குறைந்துவிடும்.

வரம்பை எவ்வளவு என்று வைப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை உண்டு. அதை எழுதுகிறவர்கள் ஏற்கெனவே பதவியில் இருப்பவர்கள், அவர்கள் முகம் எல்லாருக்கும் தெரியும், வரம்பு எவ்வளவு கீழே இருந்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. புதிதாக வருகிறவர் தன் பெயரைத் தெரியப்படுத்தவே அதிகம் செலவழிக்க வேண்டும். அதனால் அந்த எண்ணை நாடாளுமன்றம் முடிவு செய்யக் கூடாது, சுதந்திரமான தேர்தல் ஆணையம் முடிவு செய்து, விலைவாசிக்கேற்ப ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் திருத்தி வெளியிட வேண்டும்.